பனிக்குடச் சவ்வு வைத்தால் ஆறாத புண் ஆறுமா? கேள்வி பதில்

கோத்தகிரியில் ஆறாத புண்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். பிரசவத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடியின் சவ்வைப் புண்ணில் வைப்பது பற்றி மலையில் பலரும் கேட்டுவிட்டீர்கள், எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில்.

குன்னூர்: சிஸ்டர், அப்பாவுக்குச் சர்க்கரை. உள்ளங்கால் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. கோவையில் சவ்வு வைக்கலாம் என்கிறார்கள். பலன் இருக்குமா?

இருக்கலாம் தம்பி. குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தின் உள்உறைதான் அது. ரத்தக்குழாய் கிடையாது, உடம்பு அதை எதிர்ப்பதும் மிகக் குறைவு, அதனால் ரத்த வகை பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. அதில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும், செல் வளரத் தூண்டும் புரதங்களும் இருக்கின்றன. மாதக்கணக்கில் நகராமல் நிற்கும் புண்ணில் அழற்சியைத் தணித்து, ஓரத்திலிருந்து புதுத்தோல் வளர்ந்துவர வழி செய்யும். அதுவே தோலாகிவிடாது, நாளடைவில் கரைந்துபோகும், ஆகவே பெரும்பாலும் பல தடவை வைக்க வேண்டியிருக்கும். இது புதிதும் இல்லை, 1910-லேயே டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தோல் ஒட்டுக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆனால் நான் கேட்பது வேறு. அப்பா அந்தக் காலை ஊன்றித்தான் நடக்கிறாரா? மேடும் படியுமான நம்ம ஊரில் ஒவ்வொரு அடியிலும் புண் மறுபடி நசுங்குகிறது, அதன்மேல் எத்தனை விலையுயர்ந்த சவ்வை வைத்தாலும் வீண்தான். பாதத்தில் பாரம் விழாதபடி மாவுக்கட்டோ தனிச் செருப்போ போட்டார்களா, கால் ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்களா, எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்களா, செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்களா, இதையெல்லாம் முதலில் கேளுங்கள். இத்தனையும் ஒழுங்காகச் செய்து 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால்தான் சவ்வைப் பற்றி யோசிக்க வேண்டும். சர்க்கரைக் கால்புண்ணுக்கான சர்வதேச வழிகாட்டுதலும் வழக்கமான வைத்தியம் பலன் தராதபோது, அதோடு சேர்த்து வைக்கும் துணையாகத்தான் இதைச் சொல்கிறது.

இன்னொன்று, குளிருக்குக் கணப்புப் பக்கம் காலை நீட்ட விடாதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஊட்டி: பிரசவ வார்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்தால் செலவு மிச்சமாகாதா அக்கா?

கூடவே கூடாது. தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் எல்லாம் சோதிக்க வேண்டும். புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமலும் போகலாம். அதனால்தான் திசு வங்கிகள் சுத்தம் செய்து, உலர்த்தி, காமா கதிர் காட்டிக் கிருமி நீக்கிக் கொடுக்கின்றன. மும்பை டாடா மருத்துவமனையின் திசு வங்கி இந்த வேலையைப் பல காலமாகச் செய்கிறது. உறைய வைத்த சவ்வுக்கு மைனஸ் 80 டிகிரி வேண்டும், உலர்ந்ததைச் சாதாரண அலமாரியில் வைக்கலாம், மலை ஆஸ்பத்திரிக்கு அதுதான் தோது.

கோத்தகிரி: எஸ்டேட்டில் நாள் முழுக்க நிற்கிறேன். கணுக்காலுக்கு மேலே புண், நரம்பு சுருண்டிருக்கிறது. எனக்கும் இதுவா?

அம்மா, உங்களுக்கு முதலில் அழுத்தக்கட்டு. தேங்கும் ரத்தம் மேலே ஏறினால்தான் அந்தப் புண் ஆறும், பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் கால் தமனியில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே இறுக்கிக் கட்ட வேண்டும்.

பந்தலூர்: தம்பிக்குச் சிக்கில் செல். கணுக்கால் புண் திரும்பத் திரும்ப வருகிறது.

ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் இந்தப் பரம்பரை நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே 1952-ல், நம்ம நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அதனால் இங்கே கால்புண்ணோடு யார் வந்தாலும் இதையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ரத்த நோயைக் கவனிக்காமல் புண்ணை மட்டும் பார்த்தால் திரும்ப வரும். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறாரா? சிலருக்கு அந்த மாத்திரையே புண்ணை உண்டாக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூடலூர்: பல வருடப் பழைய தீப்புண் தழும்பில் ரணம். நேராகச் சவ்வு வைத்துவிடலாமா?

வேண்டாம் அண்ணா. அப்படிப்பட்ட ரணம் சில சமயம் புற்றுநோயாக மாறியிருக்கும். ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்காமல் எதையும் மேலே வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குன்னூர்: தங்கச்சிக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் பிரசவம். சவ்வைக் கொடுத்தால் குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

ஒன்றும் ஆகாது, குழந்தை வெளியே வந்த பிறகுதான் எடுப்பார்கள். தங்கச்சியின் சம்மதம் எழுத்தில் வேண்டும், உங்களுடையதோ மாப்பிள்ளையுடையதோ போதாது. அந்த ஆஸ்பத்திரிக்குத் திசு வங்கியோடு தொடர்பு உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஊட்டி: சவ்வு வைத்து அனுப்பிவிட்டார்கள். கட்டை வீட்டில் பிரிக்கலாமா?

வெளித்துணி நனைந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். புண்ணோடு ஒட்டியிருக்கும் உள்வலையைத் தொடாதீர்கள், சவ்வும் சேர்ந்து வந்துவிடும். நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு இதில் ஏதாவது தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.