நாத்திகத்துக்கும் மதவெறிக்கும் நடுவில் நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள், சாமி உண்டா இல்லையா என்று மாமாவோடு தினமும் சண்டை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இடம் இருக்கிறது, குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சாயங்காலம் அம்மை விளக்கு ஏற்றுவாள், சாமியே இல்லை என்று சொல்லும் அண்ணன்தான் திரி திரித்து எண்ணெய் ஊற்றிக் கொடுப்பான். அம்மைக்குக் கை நடுங்கும், அவ்வளவுதான் காரணம்.

பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம் என்று கலந்து வைப்பதை நான் நடுவழி என்று சொல்லமாட்டேன். கேரளத்தில் ஜாதிக்கு எதிராக நின்ற துறவி நாராயண குருவைப் பாருங்கள். கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்காக, இங்கே பக்கத்தில் அருவிப்புறத்தில் 1888-ல் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுத்தினார், பிற்காலத்தில் களவங்கோட்டில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியையே வைத்தார். அவருடைய சீடர் சகோதரன் ஐயப்பனோ நாத்திகர். 1917-ல் செறாயியில் ஜாதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார், அப்புறம் குருவின் 'ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்' என்ற வாசகத்தையே 'ஜாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம்' என்று மாற்றினார். குரு அவரைத் தள்ளி வைக்கவில்லை, அந்தப் பந்திக்கு எதிர்ப்பு கிளம்பியபோது அவர் பக்கம்தான் நின்றார்.

சரி, உங்கள் மாமாவோடு போடும் சண்டைக்கு வருவோம். சாமி உண்டா இல்லையா என்பதைக் கொஞ்சநாள் விட்டுவிட்டு, யாரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.