தண்ணீர்க் கலத்தில் ஒத்ததிர்வு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க, 10 செ.மீ. சதுர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் இரண்டை 1 மி.மீ. இடைவெளியில் குழாய்த் தண்ணீரில் வைத்து, 1 மில்லிஹென்றி காயிலைத் தொடராக இணைத்திருக்கிறேன். எந்த அதிர்வெண்ணிலும் தகடுகளுக்கிடையே மின்னழுத்தம் உயரவில்லை. ஒத்ததிர்வு (காயிலும் தகடுகளும் இசைந்து மின்னழுத்தம் பெருகும் நிலை) வரும் அதிர்வெண்ணைக் கணக்கிடுவது எப்படி?

பதில்: இரு தகடுகளும் நடுவிலுள்ள தண்ணீரும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. தகட்டின் பரப்பை இடைவெளியால் வகுத்து, வெற்றிட விடுதிறனாலும் (8.85 × 10⁻¹²) தண்ணீரின் ஒப்புமை விடுதிறனாலும் (சுமார் 80) பெருக்கினால் மின்தேக்குத்திறன் (சுருக்கமாகத் தேக்கம்) 7 நானோஃபாரட். இதைக் காயிலின் மின்தூண்டல் எண்ணோடு பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் பெருக்கித் தலைகீழாக்குங்கள். சுமார் 60 கிலோஹெர்ட்ஸ் வரும்.

இந்தச் சூத்திரம் தண்ணீரை மின்கடத்தாப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. சிக்கலே அங்கேதான். குழாய்த் தண்ணீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.05 சீமன்ஸ் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மின்தடை வெறும் 2 ஓம். அது மின்தேக்கிக்குப் பக்க இணைப்பாக நிற்கிறது. 60 கிலோஹெர்ட்ஸில் காயிலின் மின்மறுப்போ (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 376 ஓம். 2-ஐ 376-ஆல் வகுத்தால் தரக்காரணி (ஒத்ததிர்வில் மின்னழுத்தம் எத்தனை மடங்கு எழும் என்று காட்டும் எண்) 0.005. அது 1-க்குக் கீழே போனாலே சொல்லிக்கொள்ளும்படியான எழுச்சி இருக்காது. அதனால் அதிர்வெண்ணுக்கு முன்பே தரக்காரணியைக் கணக்கிட்டுவிடுங்கள் என்பேன்.

தகட்டைப் பெரிதாக்கினால்? தேக்கம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, தடை அத்தனை மடங்கு குறையும். இரண்டின் பெருக்கல் மாறாது. அதைத் தீர்மானிப்பது தண்ணீர் மட்டுமே. இந்தத் தண்ணீரில் சுமார் 11 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் தேக்கத்தின் கை ஓங்கும். காய்ச்சி வடித்த நீரில் தடை சில நூறு ஓம்களுக்கு ஏறும், ஒத்ததிர்வும் லேசாகத் தலைகாட்டும். ஆனால் வாயு உண்டாக்கும் மின்னோட்டமும் அதே அளவுக்கு விழுந்துவிடும்.

சோதித்துப் பார்க்கத் தண்ணீரை வடித்து, தகடுகளை நன்கு உலர்த்துங்கள். இடையில் காற்று மட்டும் இருந்தால் தேக்கம் 89 பிக்கோஃபாரட், கணக்குப்படி 535 கிலோஹெர்ட்ஸ். காயிலின் சொந்தத் தேக்கமும் அலைகாட்டியின் (ஆசிலோஸ்கோப்) அளவிடும் முனையின் தேக்கமும் சேர்வதால் உச்சம் அதற்குச் சற்றுக் கீழே தெரியும். தண்ணீரை ஊற்றியதும் மறையும்.

வாயுவின் அளவை நிர்ணயிப்பது ஃபாரடே விதிதான்: ஓர் ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன். அதிர்வெண் அதைக் கூட்டாது. நேர்மின்னோட்டத்தில் கலத்துக்கு 2 வோல்ட் அளவில், நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு இயக்குங்கள். உப்பு போடாதீர்கள், குளோரின் வரும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஒரே கலத்தில் ஆக்சிஜனோடு கலந்து வந்தால் வெடிக்கும். இரு வாயுக்களையும் தனித்தனியாகப் பிரித்து, திறந்தவெளியில் வெளியேற்றுங்கள்.