ஒரே ஸ்டுடியோவில் ஆறு மொழி: மலைநாட்டு நண்பர்களின் சினிமா கேள்விகளும் பதில்களும்

இந்திய சினிமா மொழி மொழியாக எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றி நீலகிரி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கொடைக்கானலிலிருந்தும் ஒருவர் சேர்ந்துகொண்டார், சந்தோஷம்.

கோத்தகிரி, கல்லூரி மாணவி: சார், இந்திய சினிமான்னா இந்தி சினிமாதான், மத்த மொழியெல்லாம் அதோட கிளைன்னு எங்க வகுப்புல பேசிக்கிறாங்க. சரியா?

இல்லம்மா. பேசாத படத்துக்கு ஏது மொழி? 1913இல் பால்கே பம்பாயில் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்துவிட்டார், கல்கத்தாவிலும் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடுநடுவே வரும் எழுத்து அட்டையை மாற்றினால் எந்தப் படமும் எந்த ஊருக்கும் போகும். பேச்சு வந்த பிறகுதான் மொழிக்கொரு சினிமா என்று ஆனது. 1931 மார்ச்சில் இந்தியில் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா', அதே வருஷம் அக்டோபர் 31இல் தமிழில் முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. எட்டு மாத இடைவெளி கூட இல்லை, இதில் யார் மரம், யார் கிளை?

இன்னொன்றும் கவனியுங்கள். 'காளிதாஸ்' எடுக்கப்பட்டது பம்பாயில். டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கூட நடித்தவர்கள் தெலுங்கில் பேசுவார்கள், ஜனங்கள் அதையும் ரசித்துப் பார்த்தார்கள். அதை இயக்கிய எச்.எம். ரெட்டிதான் அடுத்து முதல் தெலுங்குப் பேசும்படமான 'பக்த பிரகலாதா'வையும் எடுத்தார். கன்னடத்தின் 'சதி சுலோசனா' 1934இல் மகாராஷ்டிரத்துக் கோலாப்பூரில் தயாரானது. இப்படி ஒவ்வொரு மொழிச் சினிமாவும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பிறந்து வளர்ந்ததுதான். ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வைத் தானே இயக்கவும் செய்தார் என்பதை உங்கள் வகுப்பில் மறக்காமல் சொல்லுங்கள்.

குன்னூர், தேயிலை அலுவலக ஊழியர்: ஒரு காலத்துல கோயமுத்தூர்லயே சினிமா எடுத்தாங்கன்னு எங்க தாத்தா சொல்வார். நிஜமாவா அண்ணே?

நிஜம்தான் தம்பி, அதுவும் சின்ன அளவில் இல்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார், அது பின்னால் டிலைட் தியேட்டர் ஆனது. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் 1930களில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் வந்தது, அதன் பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. நாமக்கல் கவிஞர் கதையை வைத்து எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'மலைக்கள்ளன்' 1954இல் வந்ததே, அதை நாயுடு தமிழோடு நிறுத்தவில்லை. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று மொத்தம் ஆறு மொழிகளில் எடுத்தார். இந்தியில் அதுதான் திலீப் குமார், மீனா குமாரி நடித்த 'ஆசாத்'. இன்று நாலைந்து மொழியில் ஒரு படம் வெளியானால் இதுவரை இல்லாத புதுமை மாதிரி கொண்டாடுகிறோம், நம் மலையடிவாரத்தில் எழுபது வருஷம் முன்பே அதைச் செய்துவிட்டார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சேலத்தையும் விட்டுவிடக் கூடாது. அங்கே ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் டி.ஆர். சுந்தரம் தயாரித்த 'பாலன்' (1938) தான் மலையாளத்தின் முதல் பேசும்படம். முதல் மலையாள வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) கூட அவருடையதுதான். மலையாளச் சினிமா வரலாற்றின் முதல் பக்கங்களில் ஏற்காடு ரோடு இருக்கிறது!

கூடலூர், கடை வைத்திருப்பவர்: எங்க ஊர்ல மூணு மொழிப் படமும் பார்க்கிறோம். மலையாளப் படம் மட்டும் ஏன் வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. அங்கே நாவலும் சிறுகதையும் சினிமாவோடு நெருக்கமாக இருந்தன. தகழியின் நாவலிலிருந்து வந்த 'செம்மீன்' (1965) ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கியது. அடூர் கோபாலகிருஷ்ணன் புனே திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா என்ற பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார், அதைப் பின்பற்றி ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்து, சத்யஜித் ரேயின் படங்களையும் ஜப்பானியப் படங்களையும் சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து பார்த்து விவாதிக்கும் பழக்கம் வந்தது. பார்க்கிறவர்கள் அப்படித் தயாரானால் எடுக்கிறவர்களும் மாறித்தானே ஆகவேண்டும்?

தமிழ்ச் சினிமா நாடக மேடையிலிருந்து வந்தது. பாட்டும் வசனமும்தான் அதன் உயிர், 'பராசக்தி' (1952) வசனத்தை ஜனங்கள் மனப்பாடமாகச் சொன்னது அதனால்தான். அதைக் குறை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கன்னடத்தில் 1970இல் 'சம்ஸ்காரா' வந்து வேறொரு பாதை திறந்தது. மூன்றையும் ஒரே ஊரில் பார்க்கிற வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, தயவுசெய்து தரவரிசை போடாமல் பாருங்கள்.

ஊட்டி, இந்து நகர் பக்கம் வளர்ந்தவர்: எச்.பி.எஃப்.-ல சினிமாவுக்கும் பிலிம் செஞ்சாங்களா?

செய்தார்கள். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், உற்பத்தி 1967இல் ஆரம்பித்தது. எக்ஸ்ரே பிலிம், போட்டோ பிலிம், அதோடு கறுப்பு வெள்ளை சினிமா பாசிட்டிவ். கேமராவுக்குள் போவது நெகட்டிவ், தியேட்டருக்குப் போவது பாசிட்டிவ். தூசு இல்லாத குளிர்ந்த காற்று இந்த வேலைக்குத் தேவை, ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அது முக்கியக் காரணம்.

கணக்கைப் பாருங்கள்: 35 எம்.எம்.இல் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி, அதுவும் ஒரே ஒரு பிரதிக்கு. நூறு தியேட்டரில் போட்டால் பதிமூன்றரை லட்சம் அடி. அதனால்தான் பிரதிகளை அளவாகப் போட்டார்கள், பெரிய ஊர்களில் ஓடி முடித்துக் கீறல் விழுந்த படப்பெட்டி மலை ஏற மாதக்கணக்கானது. இந்தச் செலவை உள்நாட்டிலேயே குறைக்கப் பார்த்த தொழிற்சாலை அது. வண்ணப்படம் வந்ததும் தடுமாறியது, டிஜிட்டல் வந்ததும் நின்றே போனது. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இருட்டறைக்குள் எப்படி வேலை நடந்தது என்று அவர்கள் வாயால் சொல்வதை யாராவது பதிவு செய்யவேண்டும், இதை நான் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

அதே மாணவி: 'காளிதாஸ்' படத்தை எங்கே பார்க்கலாம் சார்?

எங்கேயும் பார்க்க முடியாதும்மா. பிரதியே இல்லை. 'ஆலம் ஆரா'வும் 'கீசக வதம்' படமும் கூட இல்லை. அன்றைய நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், தானாகவும் மக்கிப்போகும், போதாக்குறைக்கு அதிலிருந்த வெள்ளிக்காகப் பழைய பிலிமை வாங்கி உருக்கினார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது, அதற்குள் முக்கால்வாசி போய்விட்டது.

கொடைக்கானல், டாக்சி ஓட்டுநர்: குணா குகைக்கு இப்ப கேரளாக்காரங்கதான் அதிகம் வர்றாங்க. ஒரு படத்துக்கு அவ்வளவு சக்தியா?

ரெண்டு படத்துக்கு! 'குணா' (1991) குகைக்குப் பெயர் கொடுத்தது, 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024) 'குணா'வின் 'கண்மணி அன்போடு' பாட்டையே தூக்கி மலையாளப் படத்தின் உச்சத்தில் வைத்தது. அதை மொழிமாற்றம் செய்யாமலே தமிழ்நாட்டில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். வேலியைத் தாண்ட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

கேத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியை: எங்கள் படுகு மொழிக்கும் ஒரு சினிமா மரபு உண்டாகுமா?

உண்டாகும் அக்கா, நம்பிக்கையோடுதான் சொல்கிறேன். படுகில் ஏற்கனவே சில படங்கள் வந்திருக்கின்றன. அட்டப்பாடியின் இருளர் பெண்மணி நஞ்சம்மா தன் மொழியில் பாடி 2020ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருது வாங்கினார். முதுமலைத் தெப்பக்காட்டில் எடுத்த யானைக்குட்டி ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியது. அடிக்கணக்கில் பிலிம் வாங்கவேண்டிய காலமும் போய்விட்டது.

ஆனால் ஒரு படம் வந்தால் மரபு ஆகிவிடாது. வருஷா வருஷம் எடுக்க ஆளும், எழுத ஆளும், போட்டுப் பார்க்க இடமும் வேண்டும். முதலில் இருபது நிமிஷப் படங்கள் எடுக்கச் சொல்லுங்கள், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் கூடும்போது ஹட்டியிலேயே (உங்கள் படுகர் ஊரிலேயே) திரை கட்டிப் போடுங்கள். அடியில் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து போட்டுவிட்டால் கூடலூர்க்காரர்களும் பார்ப்பார்கள்.