எந்த ரஷ்ய அகராதியை வாங்கலாம்?

கேள்வி: கல்லூரிப் படிப்போடு மாலை வகுப்பில் ரஷ்ய மொழி கற்று வருகிறேன். மாஸ்கோவில் அச்சான தடித்த ஆங்கிலம்–ரஷ்ய அகராதி ஒன்று பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது. எங்கள் ஆசிரியரோ வேறு அகராதி வாங்கச் சொல்கிறார். இவ்வளவு பெரிய அகராதியில் அப்படி என்ன குறை? (வாசகி, மதுரை)

பதில்: அந்த அகராதி உங்களுக்காகத் தொகுக்கப்பட்டதன்று என்பதுதான் குறை. சோவியத் நாட்டில் வெளிவந்த ஆங்கிலம்–ரஷ்ய அகராதிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலம் படிக்கும் ரஷ்யர்களை மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டவை. ஆகவே ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பும் அதன் வினை வடிவங்களும் அவற்றில் கவனமாகத் தரப்பட்டிருக்கும். எதிரே உள்ள ரஷ்யச் சொல்லுக்கு, எந்த அசையை அழுத்தி ஒலிப்பது என்று காட்டும் அழுத்தக் குறி பெரும்பாலும் இராது. ரஷ்யருக்கு அது தேவையுமில்லை.

உங்களுக்கு அதுதான் முதல் தேவை. ரஷ்ய மொழியில் அழுத்தம் எந்த அசையிலும் விழலாம். செய்தித்தாளிலோ கதைப் புத்தகத்திலோ அதைக் குறித்து அச்சிடும் வழக்கமில்லை. பாலுக்கான சொல்லில் ஓகார எழுத்து மூன்று முறை வருகிறது. ஆனால் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால், முதல் இரண்டும் அகரமாக மங்கி, சொல் ஏறக்குறைய ‘மலக்கோ’ என ஒலிக்கும். ஒரே எழுத்துகளால் ஆன ஒரு சொல்லை முதலசையில் அழுத்தி ‘ஸாமக்’ என்றால் கோட்டை. இரண்டாம் அசையில் அழுத்தி ‘ஸமோக்’ என்றால் பூட்டு. அழுத்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த சொல்லைப் பின்னர் திருத்திக்கொள்வது பெரும்பாடு.

அடுத்தது வினைச்சொல். ரஷ்ய வினைகள் பெரும்பாலும் இணையாகவே வரும்: தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ நிகழும் செயலுக்கு ஒன்று, நடந்து முடிந்த செயலுக்கு மற்றொன்று. எழுதுதலுக்கு ‘பிஸாத்’, ‘நபிஸாத்’ என்னும் இணையைப் பார்த்தவுடன் உறவு புரிந்துவிடுகிறது. எடுத்தலுக்கோ ‘பிராத்’, ‘வ்ஸ்யாத்’ என்று ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத இரு வடிவங்கள். ஒன்றைத் தேடும்போது அதன் இணையையும் காட்டாத அகராதி, எத்தனை ஆயிரம் சொற்களைச் சுமந்திருந்தாலும், கற்பவருக்குப் பாதி அகராதிதான்.

எனவே கடையில் நின்றபடியே சில சோதனைகள் செய்து பாருங்கள். ‘பிராத்’ என்னும் சொல்லைத் தேடி அதன் இணை தரப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறகு ‘ஷோல்’ என்னும் சொல்லைத் தேடுங்கள். அது ‘போனான்’ என்பதற்கான இறந்தகால வடிவம். மூலச் சொல்லான ‘இத்தீ’யோடு அதற்கு ஓர் எழுத்தும் பொதுவாக இல்லாததால், மூலத்தைப் பார்க்கச் சொல்லும் குறிப்பு இல்லாவிட்டால் தொடக்க நிலை மாணவர் திண்டாடிப் போவார். பகலைக் குறிக்கும் ‘தியேன்’, இரவைக் குறிக்கும் ‘நோச்’ இரண்டும் மென்மைக் குறியில் (முன்னுள்ள மெய்யை மென்மையாக ஒலிக்கச் செய்யும் எழுத்தில்) முடிபவை; முன்னது ஆண்பால், பின்னது பெண்பால். ஈற்றைக் கொண்டு ஊகிக்க முடியாத இத்தகைய சொற்களுக்குப் பால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இறுதியாக ஆங்கிலப் பகுதியில் ‘போ’ என்பதற்கான சொல்லைப் பாருங்கள். நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் ரஷ்ய மொழியில் வெவ்வேறு வினைகள் உண்டு. எதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்லாமல் நான்கைந்து சொற்களை வரிசையாக அடுக்கியிருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

ஆங்கிலம் வழியே ரஷ்யம் கற்பவர்களுக்காகவே தொகுக்கப்பட்டவற்றுள் ஆக்ஸ்ஃபோர்டு ரஷ்ய அகராதியும் கென்னத் காட்ஸ்னரின் அகராதியும் குறிப்பிடத்தக்கவை. முன்னதன் ரஷ்யம்–ஆங்கிலப் பகுதி மார்கஸ் வீலர் தொகுத்து 1972இல் வந்தது. ஆங்கிலம்–ரஷ்யப் பகுதி பால் ஃபாலா தொகுத்து 1984இல் வந்தது. 1993இல் இரண்டும் ஒரே நூலாயின. காட்ஸ்னருடையது 1984இல் முதலில் வெளிவந்தது. அமெரிக்க ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டது. இலக்கியம் படிக்கும் நோக்கம் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு. பேசவும் எழுதவும் பழகும் காலத்தில் காட்ஸ்னர் என்பது என் எண்ணம். பழைய பிரதியாகக் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். மாஸ்கோ அகராதியை எறிந்துவிடாதீர்கள். மூன்றாம் ஆண்டில் மொழிபெயர்ப்புப் பழகும்போது உதவும்.

கேள்வி: ஆங்கிலத்தின் துணையின்றி நேரடியாகப் பயன்படுத்த ரஷ்யம்–தமிழ் அகராதி உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு. ஆந்த்ரோனவ், இப்ராகிமவ், யுகானவா ஆகிய மூவர் தொகுத்த ரஷ்யம்–தமிழ் அகராதி 1965இல் மாஸ்கோவில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960இல், பியாதிகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி சுமார் 38,000 சொற்களுடன் வந்துவிட்டது. (பியாதிகோர்ஸ்கி பிற்காலத்தில் லண்டனில் குடியேறித் தத்துவ அறிஞராகப் பெயர் பெற்றவர்.) இரண்டும் மதிப்புக்குரிய உழைப்பு. ஆனால் அறுபதுகளின் சொல்வளம் இன்றைய மாணவருக்குப் போதாது. கணினி, கைப்பேசி சார்ந்த சொற்களை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. பழைய நூலகங்களில் கண்ணில் பட்டால், ஆங்கிலத்தில் மயங்கும் பொருளைத் தமிழில் தெளிவுபடுத்திக்கொள்ளத் துணை நூலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலி இருக்கும்போது அச்சு அகராதி எதற்கு? (வாசகர், சேலம்)

பதில்: ஒற்றைச் சொல்லின் எல்லா வடிவங்களையும் பார்க்க இணையமே மேல். இணைய அகராதியான ஆங்கில விக்சனரியில் ஒரு ரஷ்யப் பெயர்ச்சொல்லைத் தேடினால் ஆறு வேற்றுமைகளுக்குமான ஒருமை, பன்மை வடிவங்கள் அழுத்தக் குறியோடு அட்டவணையாக விரியும். எந்த அச்சு அகராதியிலும் அத்தனை இடமில்லை. வாக்கியத்தையே மொழிபெயர்த்துத் தரும் செயலியைக் கற்கும் காலத்தில் தவிர்த்துவிடுங்கள்; இணைவினைகளில் எதைத் தேர்ந்தது, ஏன் தேர்ந்தது என்று அது சொல்வதில்லை. அச்சு அகராதியில் ஒரே முன்னொட்டில் தொடங்கும் வினைகள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். அதற்காகவாவது முதல் ஆண்டு முழுவதும் அதை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.