பழகிய நாய் மறுபடி வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதே!

கேள்வி: எங்கள் சீசருக்கு ஒன்பது மாதம். ஐந்து மாதத்திலேயே வெளியே போய்ச் சிறுநீர் கழிக்க நன்றாகப் பழகிவிட்டான். ஆனால் மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே போகிறான். அதுவும் வாக்கிங் முடித்துத் திரும்பிய பத்தே நிமிடத்தில், சோஃபா காலில். திட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறான், மறுநாள் அதே கதை. வேண்டுமென்றே செய்கிறானா? கருத்தடை செய்தால் நின்றுவிடுமா?

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை. தலையைக் குனிவதும் குற்ற உணர்ச்சியால் இல்லை. உங்கள் குரலும் முகமும் மாறியதைப் பார்த்துப் பயந்து பணிந்து போகிறான், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் முன்னால் நடந்ததையும் இப்போது விழும் திட்டையும் அவனால் முடிச்சுப்போட முடியாது. சரி, கையும் களவுமாகப் பிடித்துத் திட்டினால்? அப்போது அவன் கற்றுக்கொள்வது, ‘இவர்கள் பார்க்கும்போது போகக்கூடாது’ என்பதைத்தான். வெளியே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஆளில்லாத மூலையில் முடித்துக்கொள்ளும் நாய்கள் நிறைய. அந்தப் ‘பத்தே நிமிடம்’ எனக்கு இந்தச் சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது. இன்றே திட்டுவதை நிறுத்துங்கள்.

எவ்வளவு போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பல சமயம் விடை அதில்தான் இருக்கிறது. சோஃபா கால், கதவோரம், திரைச்சீலை என்று நிமிர்ந்து நிற்கும் பொருள்மேல் கொஞ்சமாகப் பீய்ச்சியிருந்தால், அது பெரும்பாலும் எல்லை குறிப்பது. ஆண் நாய்கள் இந்த வயதில்தான் காலைத் தூக்கத் தொடங்கும். பெண் நாய்களும் இப்படிக் குறிப்பதுண்டு, குறிப்பாகப் பருவத்துக்கு வரும் சமயத்தில். வீட்டுக்குப் புதிய சாமான் வந்தாலோ, விருந்தாளி வந்தாலோ, ஜன்னலுக்கு வெளியே வேறு நாய் திரிந்தாலோ இது கூடும். தரையில் குளம்போல் தேங்கியிருந்தால் கதை வேறு. அடக்க முடியாமல் போயிருக்கிறான், அல்லது வெளியே சிறுநீர் கழிக்காமலே திரும்பியிருக்கிறான்.

எதுவானாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, முக்குவது, சிறுநீர் வரும் உறுப்பை ஓயாமல் நக்குவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, தூங்கிய படுக்கை நனைந்திருப்பது, இதில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, முக்கியும் சொட்டுகூட வராவிட்டாலோ அன்றே ஓட வேண்டும். தொற்று இருக்கும் நாயை எவ்வளவு பழக்கினாலும் பலன் இருக்காது. ஒன்று, வீட்டுக்குள் போகிறான் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பலர் செய்யும் தப்பு அது.

உடம்பில் குறையில்லை என்றானபின், அவனை மூன்று மாதக் குட்டியாகவே நினைத்து மறுபடி ஆரம்பியுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு மனசு வராது, ‘அதெல்லாம் முடித்தாயிற்றே’ என்பார்கள். பொதுவாக நடப்பது இதுதான்: குட்டி பழகிவிட்டது என்று தெரிந்ததும் நாம் கண்காணிப்பை விட்டுவிடுவோம், வீடு முழுவதும் திரிய விடுவோம், வெளியே போனதற்குப் பாராட்டுவதையும் நிறுத்திவிடுவோம். சரியாக அந்த நேரம் பார்த்து விடலைப் பருவம் வந்து சேரும். இங்கிலாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மாத நாய்கள் ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்குக்கூட வளர்ப்பவரின் ‘உட்கார்’ என்ற கட்டளையைக் கேட்கவில்லை. அந்நியர் சொன்னபோது இப்படிக் குறையவில்லை. பருவம் தாண்டியதும் சரியாகிவிட்டதாம். ஆக, உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்னும் கயிற்றில் கட்டி, தினமும் ஒரே இடத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கே பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த மறுகணமே, அங்கேயே வைத்துத் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாக நினைத்துக்கொள்வான். அப்புறம்தான் நடை, மோப்பம், விளையாட்டு எல்லாம். சிறுநீர் கழித்ததுமே வீட்டுக்கு இழுத்து வந்தால், போனால் ஊர்சுற்றல் முடிந்துவிடும் என்று கணக்குப்போட்டு அடக்கிவைப்பான். போகாமலே திரும்பினால் அவிழ்த்து விடாதீர்கள். கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி கூட்டிப்போங்கள். சோஃபா பக்கம் மோந்துகொண்டே வட்டமடித்தால், சாதாரணக் குரலில் கூப்பிட்டு வெளியே அழைத்துப்போங்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள முடியாத நேரத்தில் ஒரே அறையில் இருக்கட்டும்.

சுத்தம் செய்வதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நமக்கு வாசனை போயிருக்கும், அவன் மூக்குக்குப் போயிருக்காது. செல்லப்பிராணிக் கறைக்கென்று விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டவே வேண்டாம், சிறுநீரிலும் அந்த நெடி உண்டு. கறை மெத்தைக்குள் இறங்கியிருந்தால் உள்ளேயும் திரவம் இறங்க வேண்டும்.

கருத்தடை பற்றிக் கேட்டீர்கள். எல்லை குறிப்பதுதான் பிரச்சினை என்றால் பல ஆண் நாய்களுக்கு அது குறையும். எல்லாவற்றுக்கும் இல்லை, பழக்கம் ஊறிப்போயிருந்தால் அதற்குப் பிறகும் தொடரலாம். குளம்போல் தேங்குவதற்கு அது மருந்தே இல்லை. பெரிய இனமாக இருந்தால் மூட்டு வளர்ச்சிக்காகக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அதனால் பரிசோதனைக்குப் போகும்போதே எந்த மாதத்தில் செய்யலாம் என்று கேட்டு வாருங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு போனான் என்று ஒரு வாரம் குறித்துவைத்து அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.