அட்டை இருக்கையைப் பாட்டியிடம் சோதிப்பது எப்படி?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கிறேன். முதியவர்கள் உட்கார்ந்து செருப்பு மாட்ட, அடியில் செருப்பு வைக்க, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு ஓர் இருக்கை வடிவமைத்து, முழு அளவில் அட்டையில் செய்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு “ரொம்ப நல்லா இருக்குப்பா” என்றார். இது போதுமா?

பதில்: போதாது. பாட்டி பாராட்டியது உங்களை. இருக்கையைப் பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

முதலில், வெறும் அட்டையில் அவரை உட்கார வைக்காதீர்கள். உள்ளே உறுதியான மர முக்காலி ஒன்றை வைத்து, மேலே பலகைகளை அடுக்கி இறுக்கிக் கட்டுங்கள். 43, 45, 48 செ.மீ. என உயரத்தை மாற்றிப் பார்க்கலாம். உடல் எடை விழும் இடம் மட்டும் நிஜமாக இருந்தால் போதும்; மற்றதெல்லாம் அட்டையாகவே இருக்கட்டும். சாயம் பூச வேண்டாம். பளபளவென்று இருந்தால் குறை சொல்ல மனம் வராது.

சோதனையை வாசலிலேயே வையுங்கள். வீட்டுக்கு முன்னுள்ள பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தரையில் டேப் ஒட்டி அளந்துகொள்ளுங்கள். இரும்பு கேட்டையும் முழுக்கத் திறந்து பாருங்கள். பல வடிவங்கள் அங்கேயே அடிபட்டுப் போகும்.

பிறகு கேள்வி கேட்காமல் வேலை கொடுங்கள்: “பாட்டி, ஈரச்சந்தையிலிருந்து வர்றீங்க, கையில பை, குடை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க.” முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். எழுந்திருக்கும்போது அது எங்கே போகிறது? இருக்கையின் விளிம்புக்கா, முழங்காலுக்கா, கேட் கம்பிக்கா? கம்பியைத் தேடினால் உங்கள் இருக்கைக்குக் கைப்பிடி தேவை. பையை எங்கே வைத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் வரைபடத்தில் பைக்கு இடம் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. விழாமல் பிடிக்க ஒருவர் அருகில் நிற்கட்டும்.

செருப்பு வைக்கும் இடத்தைக் காட்டி “இதை எப்படித் திறக்கணும்?” என்று பாட்டி கேட்டால் விளக்கம் சொல்லாதீர்கள். “நீங்க எப்படித் திறப்பீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள்.

இது புதிய வழக்கம் அல்ல. 1951இல் ஓடத் தொடங்கிய இரு அமெரிக்கப் பயணக் கப்பல்களுக்காக, அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் அறைகளை முழு அளவில் கட்டி, ஆட்களைப் பெட்டியோடு தங்கவைத்துப் பார்த்தார்.

படம் எடுப்பதானால் அனுமதி கேட்டு, கை காலை மட்டும் எடுங்கள். கத்தியும் டேப்பும் கையில் இருக்கட்டும். அங்கேயே வெட்டி மாற்றி, அதே பையோடு மறுபடி வரச் சொல்லுங்கள். அடுத்து உங்களைத் தெரியாத ஒருவர் வேண்டும், முடிந்தால் கைத்தடியோடு நடப்பவர். புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் நிலையம் இருந்தால் அங்குள்ள ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.