கேமரா கம்பெனிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைத் தெருவில் கேமரா மாட்டாத கடையே இல்லை. சி.பி. பிளஸ் கேமரா விற்கும் ஆதித்யா இன்ஃபோடெக் பங்கை வாங்கச் சொல்கிறான் மகன். ஒரே வருஷத்தில் லாபம் மூன்று மடங்காம். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. போடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மகன் சொன்ன கணக்கு சரிதான். 2023-24இல் 115 கோடி ரூபாயாக இருந்த லாபம் அடுத்த ஆண்டு 351 கோடி ஆனது. ஆனால் அதில் சுமார் 249 கோடி, கேமரா விற்று வந்ததல்ல அம்மா. டிக்சன் என்ற மின்னணுப் பொருள் தயாரிக்கும் நிறுவனத்தோடு கூட்டாக நடத்திய கடப்பா தொழிற்சாலையை முழுதாக எடுத்துக்கொண்டபோது, தன்னிடம் ஏற்கெனவே இருந்த பாதிப் பங்குக்குப் புது மதிப்புப் போட்டதில் ஏட்டில் ஏறிய தொகை. மறு வருஷம் வராது. அதைக் கழித்துப் பாருங்கள், மூன்று மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இது தெரிந்தும் 675 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, 2025 ஆகஸ்டில் சந்தைக்கு வந்த அன்றே ஆயிரத்தைத் தாண்டியது.

காரணம் அரசு விதி. 2025 ஏப்ரல் முதல், மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமராவை இங்கே விற்க முடியாது. சீன கேமராக்களுக்கு வாசல் குறுகியது, உள்ளூர்க்காரர்களுக்கு அகலமானது. விதியால் வளரும் தொழில் விதியாலேயே அடிவாங்கும். சீனாவின் ஹிக்விஷன் உலகிலேயே பெரிய கண்காணிப்புக் கேமரா கம்பெனி. அந்நாட்டுச் சிறுபான்மையினரான உய்குர் முஸ்லிம்களைக் கண்காணிக்கத் துணைபோனதாகச் சொல்லி 2019இல் அமெரிக்கா அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2021இல் அமெரிக்கர்கள் அதன் பங்கை வாங்கவே தடை வந்தது. இந்தத் தடைகளுக்குக் காரணம் கேமராவின் தரம் அல்ல.

கடைக்குக் காவல் நிற்கும் கேமராவில் பணம் போடுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அடுத்தவர் செல்பேசிக்குள் புகுந்து ஒட்டுக்கேட்கும் தொழில் வேறு. பெகாசஸ் உளவு மென்பொருளைச் செய்த இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. கம்பெனிக்குள், ஒரு தனியார் முதலீட்டு நிதி வழியாக, அமெரிக்காவின் ஆரிகன் மாநில அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணமும் போய்ச் சேர்ந்தது. வகுப்பெடுத்த ஆசிரியரின் சேமிப்பு, பத்திரிகையாளரை வேவு பார்க்கும் கருவிக்கு முதலாகலாமா? அப்படிப்பட்ட கம்பெனி எவ்வளவு லாபம் காட்டினாலும் என் பணத்தில் ஒரு ரூபாய் அங்கே போகாது.

சீட்டுப் பணத்துக்கு ஐந்து வருஷத்துக்குள் கல்யாணச் செலவோ படிப்புச் செலவோ காத்திருந்தால் இந்தப் பங்கு வேண்டாம். காத்திருக்க முடியுமென்றால், கடைசி நான்கு காலாண்டு முடிவுகளை மகனோடு உட்கார்ந்து படியுங்கள். கேமரா விற்ற லாபம் மட்டும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வாங்குங்கள்.